தாளம் போட்ட கை

கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய வீதியொன்றில் இருந்த அந்த வீட்டில் பொழுது விடிவதே திருச்சி வானொலியோடுதான். வீட்டுத் தலைவர் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். சங்கீதத்தை முறையாகக் கற்றவர் அல்லர். அவருடைய தகப்பனார், பாட்டு சோறு போடாது என்று சொல்லி மகனைக் கணக்குப் படிக்க அனுப்பிவிட்டார். ஆனால் மாலை வேளைகளில் கோயில் பிராகாரத்தில் நாகசுரம் கேட்டும், கல்யாண வீடுகளில் பந்தியை விட்டுவிட்டுக் கச்சேரிப் பந்தலில் அமர்ந்தும் அந்தப் பிள்ளை வளர்ந்தது. சோழ நாட்டில் பிறந்தவனுக்குக் கேள்வி ஞானத்துக்கு என்ன பஞ்சம்?

கேள்வி ஞானம் உள்ளவர்களுக்கு ஒரு குறை உண்டு. தாம் கேட்டது முழுமையும் தமக்குத் தெரியும் என்று எண்ணிவிடுவார்கள். அவருக்கும் அது இருந்தது.

வானொலியில் ஆலாபனை நடக்கும்போது வீட்டில் யாரும் பேசலாகாது. கீரைக்காரி வாசலில் நின்று குரல் கொடுத்தால் கையமர்த்துவார். சமையலறையில் குக்கர் கூவினால் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார். மனைவி பொறுமைசாலிதான், எனினும் ஒருநாள், “இந்தக் குக்கர் அஞ்சு கட்டையில கத்துதா, ஆறு கட்டையில கத்துதான்னு பார்த்துச் சொல்லுங்க. சுருதி சேர்ற மாதிரி வேற ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. தோடி முடியும்வரை அவரால் சிரிக்க இயலாது.

1991ஆம் ஆண்டு வங்கியில் பண்டிகை முன்பணம் பெற்றார். மாவரைக்கும் கிரைண்டர் வாங்குவதாக வீட்டில் பேச்சு. மனைவிக்கு அப்போதே தோள்பட்டை வலி. நாலு பேர் உண்ணும் வீட்டில் இட்லிக்கு அரைப்பது என்றால் ஆட்டுக்கல்லின்முன் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சாவூருக்குப் போனவர் மாலையில் பலாமரத் தம்புரா ஒன்றைத் துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். குழந்தையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருபவர்போல் வாசற்படியில் வலக்காலை எடுத்து வைத்தார். கடன் தொகை அங்கேயே தீர்ந்திருந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திருஷ்டி கழித்து உள்ளே அழைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று ஆண்டுகள் ஆட்டுக்கல்லில்தான் அரைத்தாள். தம்புராவுக்குத் தூசி படாதிருக்கத் தன் பழைய பட்டுப் புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டவளும் அவளே. இதை அவர் பல ஆண்டுகள் கழித்தே நினைத்துப் பார்த்தார்.

தம்புரா மகளுக்காக வாங்கியது. அப்போது அவளுக்கு ஏழு வயது. விஜயதசமியன்று அடுத்த வீதியில் இருந்த ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரிடம் வெற்றிலை பாக்குத் தட்டோடு கொண்டுபோய் விட்டார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறினாள். வாத்தியார் பழைய சம்பிரதாயக்காரர். வராளி ராகத்தைக் குரு சீடருக்கு நேரே கற்பித்தால் இருவருக்கும் ஆகாது என்ற நம்பிக்கையை விடாதவர். “பஞ்சரத்தினத்தில் மத்த நாலையும் நான் சொல்லித் தரேன். வராளியை நீயே கேட்டுப் பிடிச்சுக்கோ” என்றார். ஆகவே ஒலிநாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டு வராளியை அவளுக்குக் கேட்க வைக்கும் பொறுப்பு தகப்பனாருக்கு வந்தது. அவர் அடைந்த பெருமைக்கு அளவில்லை. தாமும் பாதிக் குரு ஆகிவிட்டதாகவே எண்ணிக்கொண்டார்.

இரவு உணவுக்குப்பின் திண்ணையில் அமர்ந்திருக்கையில், கோயிலில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும் நேரத்தில், நாகசுரத்தில் நீலாம்பரி கேட்கும். “இதைத்தான் தேவாரப் பண்ணில் மேகராகக் குறிஞ்சி என்பார்கள்” என்று மகளுக்குச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கியிருப்பாள். அந்த வீட்டில் சங்கீதத்தால் ஒரு சச்சரவும் எழாத நேரம் அது ஒன்றே.

ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று விடியற்காலைப் பேருந்தில் கபிஸ்தலம் வழியாகத் திருவையாற்றுக்குத் தகப்பனும் மகளும் போவார்கள். 1847இல் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்த திதி அது. காவிரிக்கரையில் சமாதியின் எதிரே நூற்றுக்கணக்கானவர் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என ஐந்து கிருதிகளையும் ஒரே குரலாகப் பாடும்போது மகளும் சேர்ந்து பாடுவாள். அந்தச் சமாதிக் கோயிலை 1920களில் தம் சொந்தப் பொருளைக் கொண்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பதையும், அக்காலத்தில் ஆராதனையில் பெண்கள் பாட இடம் தராதிருந்ததையும், அந்த அம்மையார் போராடி அதைப் பெற்றதையும் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். “நீ தனியா உட்கார்ந்து ஒருநாள் இங்கே பாடணும்” என்று முடிப்பார். மகள் தலையாட்டுவாள். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. அவருடைய ஆசைக்கு மட்டும் பொறுமை இல்லை.

வீட்டில் அவள் சாதகம் செய்யும்போது நாளிதழைக் கையில் பிடித்தபடி கூடத்தில் அமர்ந்திருப்பார். நாளிதழின் பக்கம் திரும்பாது. பேரேட்டில் காசு விடாமல் கூட்டிச் சரிபார்த்துப் பழகிய மனிதர். ஒரு சங்கதி குறைந்தால் போதும், நாளிதழுக்குப் பின்னாலிருந்து “ம்” என்று ஓர் ஒலி வரும். அந்த ‘ம்’ முக்காக அவள் திரும்பப் பாடுவாள். தாளம் தொடையில் விழுந்துகொண்டே இருக்கும். அடுக்களையில் இருக்கும் தாய்க்கு மகளின் குரலைவிடத் தகப்பனாரின் தாளமே பெரிதாகக் கேட்கும்.

1998 நவராத்திரியில், அவளுக்குப் பதினான்கு வயதானபோது, உள்ளூர்க் கோயிலொன்றில் ஒரு மணி நேரம் பாட வாய்ப்புக் கிட்டியது. பக்கத்தில் வாத்தியார் அமர்ந்திருந்தார். மிருதங்கம் வாசித்தவர் வயதில் மூத்தவர், நல்ல கை. தகப்பனார் முதல் வரிசையில், வங்கி நண்பர்கள் நால்வர் சூழ, சட்டையில் மடிப்புக் கலையாமல் வீற்றிருந்தார்.

வர்ணம் நன்றாக அமைந்தது. பிள்ளையார் கிருதியும் அவ்வாறே. மூன்றாவதாக எடுத்த கிருதி ஆதிதாளம். தாளம் தொடங்கி அரையிடம் தள்ளிப் பாட்டு எடுப்பது. அநுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் பாடவில்லை. மிருதங்கம் மட்டும் ஒலித்தது. கணப்பொழுதுதான். தகப்பனாருக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. மறந்துவிட்டாள் என்று எண்ணி, பல்லவியின் முதல் அடியைச் சபை முழுவதும் கேட்கும்படி உரக்க எடுத்துக் கொடுத்து, ‘பட்’டென்று தாளத்தையும் தட்டினார்.

குழந்தை திடுக்கிட்டாள். அவர் தட்டிய இடத்திலேயே எடுத்தாள். அது சமம்; அரையிடம் அல்ல. மிருதங்கம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போயின. வாத்தியார் சைகை காட்டினார். அவள் கண்ணில் படவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்தி, மங்களம் பாடி எழுந்துவிட்டாள். கொடுத்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். எத்தனை முறை சொன்னேன், மனப்பாடம் போதாது என்று. நண்பர்கள்முன் தலை குனிய வைத்துவிட்டாயே என்று. மகள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் தம்புரா ஒலிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்து நாள் பொறுத்தவர், பதினோராம் நாள் சத்தமிட்டார். அப்போதுதான் மனைவி, தாலி கட்டிய நாளிலிருந்து முதன்முறையாக, அவர்முன் நின்று குரலுயர்த்திப் பேசினாள். “உங்களுக்குப் பாட்டு வேணும்னா ரேடியோவைத் திருப்புங்க. அவளைத் திருப்பாதீங்க.”

அதன்பின் காலம் கடகடவென ஓடிவிட்டது. மகள் திருச்சியில் பொறியியல் படித்தாள், வேலைக்குப் போனாள், கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். தகப்பனிடம் அன்பில் குறைவில்லை. மருந்து வாங்கி அனுப்புவாள், தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருவாள், கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு விடுப்பெடுத்து வந்து பத்து நாள் உடனிருந்தாள். பாட்டு என்ற ஒன்று மட்டும் இருவருக்குமிடையே பேச்சில் வராது. திருவையாற்றுக்கு அவர் தனியே போய் வந்தார். ஸ்ரீராகக் கிருதியில் மகான்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்லுமிடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து முணுமுணுக்கவும் அவருக்கு வாய் எழவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தம்புராவின் உறையைக் கழற்றித் துடைப்பார். குதிரையின் மேல் தந்திக்கடியில் செருகிய ஜீவா நூலை மாற்றுவார். மீட்ட மாட்டார். மீண்டும் உறையிட்டு மூலையில் சாய்த்துவிடுவார்.

2009இல் வாத்தியார் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனவரிடம் பழங்கதை பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று, “சார், உங்க பொண்ணு அன்னிக்கு மறக்கலை” என்றார்.

அவருக்குப் புரியவில்லை.

“மிருதங்கக்காரர் பெரியவர். அவர் தீர்மானம் வைக்க ஒரு ஆவர்த்தனம் விட்டுக் கொடுன்னு நான்தான் குழந்தைகிட்ட சொல்லி வச்சிருந்தேன். மரியாதைக்கு. அது சரியாத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை ஐயா?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு குழந்தைதான் சொல்லக் கூடாதுன்னுச்சு.”

அன்று வீடு திரும்ப அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. பொற்றாமரைக் குளத்துப் படியில் இருட்டும்வரை அமர்ந்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டு வங்கிப் பணியில் ஒருவர் கணக்கில் தவறு என்று எழுதுமுன் இருமுறை கூட்டிப் பார்த்தவர். பெற்ற மகளின் கணக்கில் ஒருமுறைகூட கூட்டிப் பார்க்கவில்லை. அப்படியெல்லாம் ஒரு கடிதம் எழுதினார், கிழித்தார். அந்தத் தலைமுறைத் தகப்பன்மார்களுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்கச் சொற்கள் கற்பிக்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில், ஊர் நலம், மழை, மாப்பிள்ளையின் வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, “வாத்தியாரைப் பார்த்தேன். அன்னிக்கு நடந்ததைச் சொன்னார்” என்று மட்டும் சொன்னார்.

மறுமுனையில் சற்று நேரம் ஒலியில்லை. அவர் அவசரப்படவில்லை, காத்திருந்தார்.

“சரிப்பா” என்றாள் மகள். “சாப்பிட்டீங்களா?”

இரண்டாண்டுகளுக்குப்பின் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. வீடு மறுபடியும் தலைகீழாயிற்று. கூடத்தின் குறுக்கே தூளி தொங்கியது. வானொலிப் பெட்டி பரண்மேல் ஏறியது, ஏற்றியவர் அவரேதான். குக்கர் கூவுவதற்கு முன்பே ஓடிப்போய் அடுப்பைத் தணிப்பவரும் இப்போது அவர். “ஆறு கட்டை” என்று மனைவி நினைவூட்டினாள். இம்முறை சிரித்தார்.

ஓர் இரவு, குழந்தைக்கு வயிற்று வலி போலும், விடாமல் அழுதது. ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், தோளில் போட்டு நடந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கோயிலில் அர்த்தசாம மணி ஒலித்து ஓய்ந்தது. அவர் திண்ணையில் வந்து அமர்ந்தார். சற்றைக்கெல்லாம் உள்ளே அழுகை சிறிது தணிந்தது. தூளியின் கயிறு உத்தரத்தில் உராயும் ஓசைக்கு நடுவே மெல்லிய குரலொன்று எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் கேட்காத குரல். கனத்திருந்தது, மேலே போகுமிடத்தில் கொஞ்சம் பிசிறியது. நீலாம்பரி.

அடுக்களை வேலை முடித்து வந்த மனைவி நிலைப்படியில் அப்படியே நின்றாள். அவருடைய வலக்கை, பழக்க தோஷம், தொடையை நோக்கி எழுந்தது. மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இடக்கையால் அதைப் பற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பல்லவி முடிந்தது. உள்ளே பாட்டு நின்றது. தூளியின் ஓசை மட்டும் ஒருமுறை, இருமுறை. அவர் வாய் திறக்கவில்லை. அதன்பின் அநுபல்லவி வந்தது.

அது முடியுமுன்பே குழந்தை உறங்கிவிட்டது. பாட்டும் அங்கேயே நின்றது. சரணம் மீதி இருந்தது. அவர் கேட்கவில்லை. எழுந்து, வாசல் விளக்கை அணைத்து, ஓசைப்படாமல் தாழிட்டார்.