மாகறலுக்குப் போன பயந்தாங்கொள்ளி

எனக்குப் பல்லி என்றால் பயம். சிரிக்காதீர்கள் சார்! பாத்ரூம் சுவரில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் குளியல் கிடையாது. ஆபீஸில் 'எங்க ஏரியாவுல தண்ணி வரலை' என்று சமாளித்துவிடுவேன்.

வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கால் தானாக வாசல் பக்கம் திரும்பும். ஆபத்தில்லை என்று புத்தி சொன்ன பிறகும் உடம்பு ஓடுகிறது பாருங்கள், அதற்குத்தான் ஃபோபியா என்று பெயர்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஒருநாள் என் ஆறு வயது மகள் சுவரைப் பார்த்து 'வீல்' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அதே அலறல், அதே ஓட்டம். அசல் என் கார்பன் காப்பி!

"குழந்தைக்குச் சொத்துன்னு கொடுக்க உங்களுக்கு இதுதான் கிடைச்சுதா?" என்றாள் மனைவி. சுருக்கென்று தைத்தது.

மறுநாளே மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். இந்த மாதிரி பயம் பொதுவாக மூன்று வழியில் வருமாம். நேரடியாகப் பட்டு வருவது ஒன்று. அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்து வருவது ஒன்று. சொல்லக் கேட்டு வருவது ஒன்று. எனக்கு மூன்றாவது வழி. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனைப் படித்துப் படித்தே பாட்டி என்னை வளர்த்தாள். மகளுக்கு இரண்டாவது வழி. சாட்சாத் நான்தான்!

"ஓடறப்போ உங்களுக்கு நிம்மதியா இருக்கு இல்லையா? அதுதான் சார் பிரச்னையே" என்றார் டாக்டர்.

பி.காம். பாஷையில் எனக்குப் புரிந்தது இது: தப்பி ஓடுவது கந்துவட்டிக் கடன். நிம்மதி உடனே கைக்கு வரும். பயம் வட்டியாக ஏறிக்கொண்டே போகும்.

வைத்தியம்? ஓடாமல் நிற்பது. அதுவும் ஒரேயடியாக இல்லை, படிப்படியாக. 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற பொடியனுக்கு இதைச் செய்தார். பையன் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, தினம் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்தார். கடைசியில் பையன் முயலோடு விளையாடினான். 1958-ல் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் இந்த மாதிரி வைத்தியத்தை முறைப்படுத்திப் புத்தகமே எழுதினார். ஒரு குறிப்பிட்ட பொருளைக் கண்டு வரும் பயத்துக்கு இன்றைக்கும் முதல் வைத்தியம் இதுதான். மாத்திரை எல்லாம் அப்புறம்.

பத்துப் படி எழுதச் சொன்னார். முதல் படி பல்லிப் படம். இரண்டாவது ரப்பர் பல்லி. மூன்றாவதுக்கு என்ன எழுதுவது?

"காஞ்சிபுரம் போவோம்ங்க. உங்களுக்குப் பல்லி, எனக்குப் பட்டு" என்றாள் மனைவி.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தலைக்கு மேலே தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்று நம்பிக்கை. இரண்டு முறை பின்வாங்கி, மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். உலோகம்தானே, ஜில்லென்று இருந்தது. மகளையும் தூக்கித் தொட வைத்தேன்.

அடுத்த படி, உத்திரமேரூர் ரோட்டில் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, செய்யாற்றங்கரை மாகறல். சம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில். யானையின் பின்புறம் மாதிரி வளைந்த கஜபிருஷ்ட விமானம். சோழ ராஜா ஒருவர் பொன்னிற உடும்பைத் துரத்த, அது புற்றுக்குள் ஒளிய, அங்கே சிவலிங்கம் கிடைத்ததாகத் தலபுராணம். லிங்கமே உடும்பின் வால் போல மெலிந்திருக்கிறது. பல்லிக்கே நடுங்குகிறவன், பல்லியின் பெரியப்பாவிடம் வந்து நிற்கிறேன்!

ஒன்று உறைத்தது. இந்தக் கதையில் துரத்தியது மனுஷன். பயந்து ஓடியது உடும்பு.

வெளியே வந்தால், பிராகாரச் சுவரில் நிஜப் பல்லி!

கால் வாசல் பக்கம் திரும்பியது. ஆனால் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, பல்லியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினால் அவளும் ஓடுவாள். நின்றேன். டாக்டர் சொன்னபடி மனசுக்குள் மார்க் போட்டேன். பத்துக்கு ஒன்பது... ஏழு... கால் மணி நேரத்தில் நாலு. பயம் ஏறிக்கொண்டே போகாது, நின்றால் இறங்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

பல்லி சரசரவென்று இடுக்கில் போய் ஒளிந்தது. "பாவம்ப்பா, நம்மளப் பார்த்து பயந்துடுச்சு" என்றாள் மகள்.

உங்களுக்கும் லிஃப்ட், நாய், ஊசி என்று ஏதாவது ஒரு 'பல்லி' இருக்கலாம். ரத்தம், ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் முறை கொஞ்சம் வேறு; நீங்களாக முயற்சி செய்யாமல் டாக்டரிடம் கேளுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், 14416. இலவசம். தமிழிலேயே பேசலாம்.

நேற்று பாத்ரூமில் பல்லி இருந்தது. குளித்தேன் சார்!

கதவைத் தாழ் போடவில்லை. அது பத்தாவது படி.