லைஃப் ஜாக்கெட் மடியில் வைக்க இல்லீங்க

ஒரு தப்பை ஒத்துக்கிறேன். சில வருஷம் முன்னாடி ஏரியில் படகுச் சவாரி. வேர்க்குதுன்னு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வெச்சேன். என்னைப் பார்த்து மகளும் கழற்றிட்டா. இத்தனைக்கும் நான் டாக்டர்!

2009 தேக்கடியில் 45 பேர், 2023 தானூரில் 22 பேர். பெரும்பாலானவங்க சும்மா சுற்றிப்பார்க்கப் போனவங்க.

"எனக்கு நீச்சல் தெரியுமே?" படகு கவிழும்போது தலையில் அடிபட்டு மயங்கினா நீச்சல் உதவாது. ஆக்ஸிஜன் இல்லாம நாலஞ்சு நிமிஷத்திலேயே மூளை பாதிக்க ஆரம்பிச்சிடும். ஜாக்கெட் உங்களை மிதக்க வெச்சு, காப்பாத்த வர்றவங்களுக்கு நேரம் வாங்கித் தரும். கவிழ்ந்த பிறகு அதைத் தேடி மாட்டுறது நடக்கிற காரியமில்லை.

அதனால ஹெல்மெட் மாதிரி இதுவும் கட்டாயமாகணும். எல்லாரும் பக்கிள் போடாம படகு கிளம்பக் கூடாது. அளவுக்கு மேல ஆள் ஏத்தினா, நீங்களே இறங்கிடுங்க.

சட்டம் வர்ற வரை? உங்க பிள்ளை உங்களைப் பார்த்துட்டு இருக்கு.