கூமுட்டை

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் எது என்று கேட்டால் 'கூமுட்டை' என்றுதான் சொல்வேன். சைக்கிளைப் பூட்டாமல் வந்தால் கூமுட்டை. பால் வாங்கி வரச் சொன்னால் தயிரோடு வந்து நின்றால் கூமுட்டை. என் அப்பா என்னைத் திட்டிய சொல். அவர் போன பிறகு சொத்து மாதிரி எனக்கு வந்து சேர்ந்தது. நான் அதை என் மகனிடம் தாராளமாகச் செலவு செய்தேன்.

போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றும் அதைத்தான் சொன்னேன். கணக்கில் மட்டும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படியே சொன்னேன். மகன் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பின் பத்து நாள், சாப்பாட்டுக்கு வருவான், போவான். அவ்வளவுதான்.

அவன் அறையை விட்டு வந்தது ஒரு கோழி செத்துப்போனதால்.

சாத்தூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மா, சிறுவிடைக் கோழி வளர்க்கிறவள். ஒரு கோழி அவயத்துக்குப் படுக்கத் தயாராகிவிட்டது என்று ஈரமணல் போட்ட சட்டியில் 12 முட்டை சேர்த்து வைத்திருந்தாள். வைக்கிற அன்றைக்குத் தெருநாய் கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. வேறு அடைக்கோழி இல்லை. "பேராண்டிக்கு ஆம்லேட் போட்டுக் குடு" என்று தவிட்டுக்குள் புதைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

என் மனைவி வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள். அறையிலிருந்து வந்தவன் கேட்டான்: "இதெல்லாம் சேவல் சேர்ந்த முட்டைதானம்மா?"

கேள்வி புரியாமல் நாங்கள் விழித்தோம். கடையில் வாங்கும் வெள்ளை முட்டை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் முட்டைக் கோழிகளோடு சேவலே விடுவதில்லை. என் அம்மா வீட்டு முட்டை அப்படியில்லை. அதனால் இவற்றைப் பொரிக்க வைக்கலாம் என்றான். எனக்குச் சுருக்கென்றது. துணைத்தேர்வுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. "படிக்கிற புள்ள பார்க்கிற வேலையா இது?" என்று ஆரம்பித்தேன். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன். பத்து நாள் கழித்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

பழக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு தெர்மாகோல் பெட்டி. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன். சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் ஏற்றும் ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இதுதான் இன்குபேட்டர். கஷ்டப்பட்டது பல்புக்குத்தான். நான் வாங்கி வந்த எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தந்தது, சூடு தரவில்லை. பழைய 40 வாட் குண்டு பல்பு தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். "இன்னுமா இதை வாங்குறீங்க?" என்று கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார்.

பெட்டிக்குள் 37.5 டிகிரி இருக்க வேண்டும். நம் உடம்புச் சூட்டைவிட அரை டிகிரிதான் அதிகம். முட்டை வைக்கும் முன் ஒரு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தான். மத்தியானம் அறையே வெந்ததில் பெட்டி 39-ஐத் தாண்டியது. சூடு ஏற்றத் தெரிந்த பெட்டிக்குக் குளிர வைக்கத் தெரியாதே! வீட்டிலேயே குளுமையான இடம் எது என்று பார்த்தால், அது பூஜை அலமாரிக்குக் கீழே. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெட்டி மூடியின் மேல் ஒரு கரித்துண்டும், ஒரு வரமிளகாயும், ஒரு இரும்பு ஆணியும் இருந்தன. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இவை இருந்தால் கெடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போனில் மாமியார் சொல்லி மருமகள் செய்தது.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டு வேளை போதாதா என்று கேட்டேன். ஒற்றைப்படையாகப் புரட்டினால்தான் நீண்ட ராத்திரியில் ஒரே பக்கம் மேலே இருக்காது என்றான். கணக்கு வராத பையன் சொன்னது.

ஏழாம் நாள் ராத்திரி. "லைட் அடிச்சுப் பார்க்கணும், வர்றீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டான்.

நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அங்கே இருந்து கொண்டுவந்த அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை வெட்டி, செல்போன் டார்ச் மேல் வைத்தோம். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தாயிற்று. முட்டையின் அகன்ற பக்கத்தை ஓட்டையின் மேல் வைத்தான்.

முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு நூல்கள். அரச இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அப்படி நரம்புகள் கிளை கிளையாக ஓடின. அவை எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி.

"கண்ணு" என்றான் மகன்.

அந்தக் கண் அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மூச்சை நிறுத்திவிட்டேன். நாற்பது வருஷமாக முட்டை சாப்பிடுகிறேன். எங்கள் அம்மா முட்டையை உள்ளங்கையில் பொத்தி, வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பதைச் சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என்ன தெரியுது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்பது முட்டைகளில் நரம்பு தெரிந்தது. ஒன்றில் நரம்பு இல்லை, உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும். இரண்டு மூன்று நாள் வளர்ந்து நின்றுபோனது என்றான். வெயில் காலத்து முட்டை, முதல் நாள் சூடும் ஏறி இறங்கியது. எதனால் என்று யார் சொல்வது? மீதி இரண்டு முட்டைகள் விளக்கு மாதிரி பளிச்சென்று எரிந்தன. உள்ளே ஒன்றுமே இல்லை.

"இது என்னடா?" என்று கேட்டுவிட்டேன்.

"கூமுட்டை" என்றான்.

இருட்டில் அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நான் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அதே அமைதியான குரலில் சொன்னான்: "கூமுட்டைன்னா முட்டை மேல தப்பு இல்லப்பா. சேவல் சரியில்லைன்னு அர்த்தம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அதன்பிறகு அவனைவிட நான்தான் அந்தப் பெட்டிக்கு அடிமையானேன். ஆபீஸிலிருந்து போன் போட்டு "எத்தனை டிகிரி?" என்று கேட்பேன். பதினாலாம் நாள் பார்த்தபோது இன்னொன்று நின்றுபோயிருந்தது. மீதி எட்டிலும் பாதிக்கு மேல் இருட்டு, காற்றறை பெரிதாகியிருந்தது. பதினாறாம் நாள் கோடை மழை. இடி, மின்னல், கரண்ட் போய்விட்டது. மகன் போர்வையால் பெட்டியைச் சுற்றினான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏன் இப்படிப் பதறுற? கோழி என்ன இருபத்தோரு நாளும் எந்திரிக்காமலா படுத்திருக்கு? இரை எடுக்க, தண்ணி குடிக்க, போகத்தானே செய்யும். பொத்தி வை, ஒண்ணும் ஆகாது" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. எட்டும் பிழைத்திருந்தன. மிளகாயால்தான் என்று மனைவி சொல்கிறாள்.

பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்தித் தண்ணீர்க் கிண்ணத்தை இன்னொன்றாக்கினான். இருபதாம் நாள் சாயங்காலம் முட்டைக்குள்ளிருந்து 'கிச்' என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் இரண்டில் ஓட்டை விழுந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. ஈரத் துணியைப் பிழிந்து போட்டது மாதிரி கிடந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் பஞ்சாகின.

ஏழாவது முட்டையில் சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டை விழுந்தது. அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது அசையவே இல்லை. அது கடைசிவரை திறக்கவில்லை.

இரண்டு ராத்திரி தூங்காத மகன், "மூடியைத் திறக்காதீங்கப்பா, ஈரம் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பாயிலேயே சாய்ந்துவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி மூன்று. பதினோரு மணி நேரமாக அதே ஓட்டை. உள்ளே அலகு நுனி மட்டும் எப்போதாவது அசைந்தது. மற்றதெல்லாம் வந்து காய்ந்து தூங்குகிறது, இது மட்டும் ஏன் இப்படிச் சோம்பிக் கிடக்கிறது?

திறந்தேன். நகத்தால் ஒரு சில்லு எடுத்தேன். சுலபமாக வந்தது. இன்னொன்று. அடியில் வெள்ளைத் தோல். அதையும் லேசாக இழுத்தேன்.

ரத்தம் வந்தது. மெல்லிசாக, நூல் மாதிரி. அவசரமாக முட்டையை உள்ளே வைத்து மூடிவிட்டேன். விடியும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காலையில் குஞ்சு பாதி வெளியே கிடந்தது, வயிற்றில் மஞ்சள் கரு உள்ளே இழுபடாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றுவிட்டது.

மகன் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான்.

"உரிச்சீங்களா?"

"ஆமாப்பா. வெளிய வர முடியாமப் படுத்துக் கிடந்துச்சேன்னு…"

"அது சும்மா படுத்திருக்கலப்பா. உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

திட்டவில்லை. சொல்லிக்கொடுத்தான். ஓட்டை போட்ட குஞ்சு உடனே வெளியே வராது. ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை தோலில் ஓடும் ரத்தத்தையெல்லாம் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். அந்தச் சாப்பாட்டில்தான் பிறந்து இரண்டு நாள் தீனி இல்லாமல்கூடத் தாங்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் சுற்றிலும் கொத்தி ஓட்டைத் திறக்கும். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் சாத்திக் கிடந்த அறைக்குள்ளா என்று கேட்க வாய் வந்தது. அதையும் கேட்கவில்லை. முருங்கை மரத்தடியில் குழி நான்தான் வெட்டினேன்.

ஆறு குஞ்சுகளும் ஓர் அட்டைப் பெட்டியில், அதே குண்டு பல்பின் கீழே வளர்ந்தன. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு. தெர்மாமீட்டரே வேண்டாம், குளிர்ந்தால் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சூடானால் மூலைக்கு ஓடும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டோம். அதற்கு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனான். ரிசல்ட்டுக்குப் பிறகு பகலில் தெருவில் இறங்கி நடந்தது அன்றுதான். திண்ணையில் இருந்தவர் என்னடா பெட்டியில் என்று கேட்க, நின்று திறந்து காட்டினான்.

துணைத்தேர்வு எழுதிவிட்டான். எப்படி எழுதியிருக்கிறாய் என்று மனைவிதான் கேட்டாள், "பரவாயில்லம்மா" என்றான். ரிசல்ட் இன்னும் வரவில்லை. குஞ்சுகள் ஆறும் பஞ்சாரக் கூடையில் பஸ் ஏறி அம்மாவிடம் போய்விட்டன. அவள் பதிலுக்கு 14 முட்டை கொடுத்தனுப்பினாள். இந்தத் தடவை வேறு சேவல் என்று போனில் அழுத்திச் சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்ததோ!

இன்றைக்கு ஏழாம் நாள். ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்போம், வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். "பார்க்கலாம். ஆனா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறான்.

மணி எட்டே முக்கால்.