பத்தடி மிஷினும் கரிசல் தரையும்

பழைய ஃப்ளெக்ஸ் மிஷின் வாங்கப் போகிற விவரமானவர்கள் முதலில் மிஷினைப் பார்ப்பதில்லை, அதன் அடியில் கிடக்கும் தரையைப் பார்க்கிறார்கள். கோவில்பட்டியில் போர்டு கடை வைத்திருக்கும் அண்ணாச்சியோடு சிவகாசிப் பக்கம் ஒரு மிஷின் பார்க்கப் போயிருந்தேன். கடைக்காரர் டீ சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, செல்போன் லைட்டை அடித்துவிட்டார். இங்க் தெளிக்கும் ஹெட்டுகள் வந்து நிற்கும் மூலையில், ஒரே இடத்தில் மட்டும் சிவப்பு இங்க் அடைபோல் தடித்து உறைந்திருந்தது. "மெஜந்தா சொட்டுது. பிரஷர் நிக்கல" என்றார் என்னிடம், கடைக்காரருக்குக் கேட்காத குரலில்.

அண்ணாச்சி பிரஷ் பிடித்து வளர்ந்தவர். மில் போர்டு, சுவர் விளம்பரம், லாரிக்கு நம்பர் என்று எழுதிக்கொண்டிருந்தவர், ஃப்ளெக்ஸ் வந்தபோது சில வருஷம் வீம்பாக இருந்து பார்த்துவிட்டு மாறினார். படத்துக்குப் பேர்போன ஊர்தான் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டு வந்த கொண்டையராஜு (1898–1976), கம்பெனி கலைந்ததும் 1940களில் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி நாடு முழுக்கச் சுவரேறினார்கள். அன்றைக்கு இங்கிருந்து சிவகாசிக்குப் படம் போயிற்று. இன்றைக்கு அங்கிருந்து மிஷின் வருகிறது.

நாங்கள் பார்த்தது பத்தடி மிஷின், அதாவது 3.2 மீட்டர் அகலம். கோனிகா 512 ஹெட் நாலு, கலருக்கு ஒன்று. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: ஒரு ஹெட்டில் 512 நாசில், நாலுக்கும் சேர்த்து 2,048 துளை. சொட்டின் அளவைப் பொறுத்து இந்த ஹெட் 14 பிகோலிட்டர், 42 பிகோலிட்டர் என்று விதவிதமாக வரும். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்கு வைத்தால் வருவது ஒரு பிகோலிட்டர். அந்தத் துளையில் சால்வென்ட் காய்ந்தால் இங்க் கட்டிப்படும். கட்டிப்பட்டால் பேனரில் வெள்ளைக் கோடு விழும், மாப்பிள்ளை முகத்துக்குக் குறுக்கே.

ஆகவே டெஸ்ட் பிரிண்ட். ஆபரேட்டர் பையன் ஒரு தட்டு தட்டினான். ஒவ்வொரு நாசிலும் தன் பங்குக்கு ஒரு சின்னக் கோடு போட, படிக்கட்டுப் படிக்கட்டாக நாலு கலரில் ஒரு சீட்டு வந்தது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விடுபட்ட கோடுகளைப் பேனாவால் வட்டமிட்டார். "ஃப்ளஷ் பண்ணிட்டு இன்னொண்ணு எடு தம்பி." இரண்டாவது சீட்டை முதல் சீட்டின் பக்கத்தில் வைத்தார். சூட்சுமம் முழுக்க இங்கேதான். விடுபட்ட இடம் சீட்டுக்குச் சீட்டு மாறினால் காற்றோ, பில்டரோ, இங்க் வரத்தோதான் கோளாறு. அது கைக்கு அடங்கும். அதே இடத்தில் அதே கோடு மறுபடியும் மறுபடியும் காணாமல் போனால் அந்த நாசில் செத்துப்போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கறுப்பிலும் மஞ்சளிலும் வட்டங்கள் இடம் மாறின. நீலத்தில் ஒன்றுமே விடுபடவில்லை. மெஜந்தாவில் எல்லாம் அசையாமல் நின்றன.

அடுத்து அவர் கேட்டதைக் கடைக்காரர் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு ஹெட்டின் மேலும் கம்பெனிக்காரன் ஒரு வோல்டேஜ் எழுதி ஒட்டியிருப்பான். கம்ப்யூட்டரில் இப்போது எவ்வளவு வைத்து ஓட்டுகிறார்கள் என்று திறந்து காட்டச் சொன்னார். ஹெட் தளரத் தளர கலர் வெளுக்கும், ஆபரேட்டர் வோல்டேஜை ஏற்றி ஏற்றிச் சமாளிப்பான். மூன்று ஹெட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. மெஜந்தாவில் நன்றாகவே ஏறியிருந்தது. கடைக்காரர் பையனை முறைத்தார். பையன் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி பையனை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். இங்க் ஒரே கம்பெனியா, மாற்றி மாற்றி ஊற்றினதா? இரண்டு கம்பெனி இங்க் கலந்தால் சில சமயம் குழாய்க்குள்ளேயே திரிந்துவிடும். ராத்திரி நிறுத்தும்போது ஹெட்டை எப்படி மூடுகிறாய்? கொரோனாவில் எத்தனை நாள் சும்மா கிடந்தது? பையன் மறைக்காமல் சொன்னான். ஊரடங்கில் கடை பூட்டியிருந்தபோதும் வாரம் ஒரு தடவை வந்து ஓட்டிவிட்டுப் போனானாம். அண்ணாச்சியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. என்னைக் கேட்டால் மிஷினுக்கு விலை படிந்தது அந்த டீக்கடையில்தான்.

இப்படிப் பழைய மிஷின்கள் சந்தைக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமை காட்டியது, கட்சிகளே பேனர் வேண்டாம் என்று அறிக்கை விட்டன. மறு வருஷம் கொரோனா. கட்சி ஆர்டரை நம்பி மிஷின் போட்டவர்கள் கைமாற்றிவிட்டார்கள் என்கிறார் அண்ணாச்சி. அவருக்குச் சோறு போடுவது கோவில் கொடை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர் அஞ்சலி. கல்யாண பேனர் ஒரு நாள் பொறுக்கும். அஞ்சலி பேனர், உடலை எடுப்பதற்கு முன்னால் தெருமுனையில் நின்றாக வேண்டும். ஹெட் அடைத்துக்கொண்டது என்று இழவு வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஹெட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற தொழிலில், அந்த அறையில் நாள் முழுக்க நிற்கும் பையனுக்கு ஒரு நல்ல மாஸ்க் இல்லை. சைக்ளோஹெக்ஸனோன் போன்ற சால்வென்ட்களின் நெடி அரை மணி நேரத்தில் எனக்குப் பொட்டு வலியைக் கொடுத்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றவில்லை. "பழகிரும் சார்" என்றான்.

மிஷினைக் கொண்டுபோய் வைப்பது தனி வேலை. குட்டியானையில் ஏறாது, நீளமான லாரி வேண்டும். சப் டேங்கில் இங்கை வடித்து, கேரேஜை ஆடாமல் கட்டி, கோவில்பட்டியில் இறக்கிய பிறகுதான் கரிசல் தன் குணத்தைக் காட்டும். இந்த மண் மழையில் பொங்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதோடு தரையும் ஏறி இறங்கும். ஐப்பசியில் ரசமட்டம் வைத்துச் சரிபண்ணின கால், சித்திரையில் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். ஃப்ளெக்ஸ் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எர்த்தும் அப்படியே. ஈரக் கரிசல் மின்சாரத்தை நன்றாக வாங்கும், வெடித்துப்போன கரிசல் எர்த் குழாயை விட்டு விலகி நிற்கும். ஓடுகிற ஃப்ளெக்ஸில் உரசி ஏறும் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் ஹெட் போர்டு எரியும். அண்ணாச்சியின் கடைக் கொல்லையில் கோடை முழுக்க இரண்டு குடம் தண்ணீர் எர்த் குழிக்கு என்றே ஒதுக்கம்.

விலை பேசும்போது சுற்றி வளைக்கவில்லை. மெஜந்தாவுக்குப் புது ஹெட் என்ன விலையோ அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், டாங்கிளும் சாஃப்ட்வேரும் கையோடு வர வேண்டும், பையன் வந்து நின்று மாட்டிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் கடைக்காரர் முனகிக்கொண்டே தலையாட்டினார். மூன்றாவதுக்கு மட்டும் யோசித்தார். "பயலைத் திருப்பி அனுப்பிருவீகள்ல, அண்ணாச்சி?"