மருந்துப் போத்தல் வீட்டில் வேண்டாம்

துப்பாக்கி புழங்கும் நாடுகளில், வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் முதலில் துப்பாக்கியை அகற்றச் சொல்கிறார்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நம் லயங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் அந்த ஆபத்து பூச்சி மருந்துதான். 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதே ஆண்டிலிருந்து கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, இருபது ஆண்டுகளில் அந்த வீதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. வறுமையும் குடியும் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. கைக்கெட்டிய நஞ்சின் வீரியமே குறைந்தது.

“சாக நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா?” என்பார்கள். பலருக்கு அந்த வேகம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அதைத் தாண்டிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. “பூட்டி வைத்தால் போதாதா?” போதாது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வீடுகளுக்குப் பூட்டும் பெட்டி கொடுத்தும் நஞ்சருந்துவது குறையவில்லை. “மருந்தில்லாமல் விவசாயம் எப்படி?” தேவையான அளவை அன்றன்று வாங்கலாம், மிச்சத்தைத் தோட்டத்து ஸ்டோரிலோ நம்பகமான வேறொருவர் பொறுப்பிலோ விடலாம்.

வீட்டில் யாராவது நொறுங்கிப்போயிருந்தால் இன்றே மருந்தை வெளியேற்றுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள்.