பெயர் எழுதாத ஏடு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவர் நமக்கு ஒரு குறிப்பேட்டைத் தந்தார். வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் தாம் பார்வையிட்ட அரபு நூல்களிலிருந்து, மனத்துக்குப் பிடித்த பகுதிகளை அவர் தம் கைப்பட அதில் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கம் நம்மை அப்படியே நிறுத்திவிட்டது. பத்து வாயில்கள் கொண்ட ஒரு நூலின் தலைப்புக்கள் அவை. தௌஹீதில் தொடங்கி, படைப்பைக் கண்டு படிப்பினை பெறல், வழிபாடு, தவக்குல், இக்லாஸ், பணிவு, தவ்பா, தன்னைத் தானே கணக்குக் கேட்கும் முஹாஸபா, பற்றறுத்தல் ஆகிய படிகளைக் கடந்து இறையன்பில் முடியும் வரிசை. நூலின் பெயர் ‘அல்-ஹிதாயா இலா ஃபராயிளில் குலூப்’. உள்ளங்களின் கடமைகளுக்கு வழிகாட்டி என்பது பொருள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘அந்தலுஸைச் சேர்ந்த ஒரு பெரியார்’ என்று மட்டுமே நண்பர் குறித்திருந்தார்.

நாம் மகிழ்ந்து போனோம். உடலுறுப்புக்களின் கடமை வேறு, உள்ளத்தின் கடமை வேறு என்று பிரித்து, பின்னதே முன்னதற்கு உயிர் எனக் காட்டும் முறை நமக்குப் புதியதன்று. பாக்தாதில் வாழ்ந்து 857ஆம் ஆண்டில் மறைந்த ஹாரிஸ் அல்-முஹாஸிபி (ரஹ்) அவர்கள் நடந்த பாதைதான் அது. ஆகவே, ‘நம் சூஃபிப் பெரியார் ஒருவர் அருளியது’ என்ற முன்னுரையுடன் அந்தப் பத்து வாயில்களையும் பத்து நாட்கள் மாணவர்களுக்கு விளக்கினோம். அவர்களும் நோட்டுகளில் எழுதிக் கொண்டனர்.

அடுத்த ஆண்டு அந்தலுஸ் வரலாற்றைப் படித்துக் கொண்டிருந்தபோது அதே நூற்பெயர் கண்ணில் பட்டது. அருகில் ஆசிரியர் பெயரும் இருந்தது: பஹ்யா இப்னு பகூதா. பதினொன்றாம் நூற்றாண்டினர், சரகோசாவில் வாழ்ந்தவராகக் கருதப்படுபவர், யூதர்களின் மார்க்க நீதிபதி.

புத்தகத்தை மூடி வைத்தோம். பல நாட்கள் எவரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் ஒருபுறம். முப்பது ஆண்டுகள் கிதாபுகளோடு பழகிய கண்ணுக்கு இது தெரியாமற் போயிற்றே என்ற கூச்சம் மறுபுறம். இரண்டில் எது பெரியது என்று அன்று கேட்டிருந்தால், கூச்சமே என்று ஒப்புக் கொண்டிருப்போம்.

கூச்சத்தைத் தீர்க்க ஒரே மருந்து மேலும் படிப்பதுதான். படிக்கப் படிக்க, இப்படித் தடுமாறியவர்கள் நாம் மட்டுமல்லர் என்பது புலனாயிற்று. மாலகாவில் பிறந்த சுலைமான் இப்னு கபிரோல் எபிரேய மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவர். அவர் ‘யன்பூஉல் ஹயாத்’ என்னும் தத்துவ நூலை அரபியில் எழுதினார். அரபு மூலம் மறைந்து போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டும் அவிசெப்ரான் என்ற திரிந்த பெயரோடு உலவியது. ஐரோப்பியக் கல்விமான்களுள் சிலர் அவரை முஸ்லிம் என்றனர். சிலர் கிறித்தவர் என்றனர். 1846ஆம் ஆண்டில் ஸாலமன் முங்க் என்னும் அறிஞர், பாரிஸ் நூலகத்தில் கிடைத்த எபிரேயச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, அந்த அவிசெப்ரான் இந்த இப்னு கபிரோலே என நிறுவினார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஒருவரின் நூல் வாழ்ந்தது. அதை எழுதியவர் யார் என்பது வாழவில்லை.

அக்கால யூதர்கள் கவிதையைப் பெரும்பாலும் எபிரேயத்திலும், தத்துவத்தையும் இலக்கணத்தையும் அரபியிலும் எழுதினர். அந்த அரபியையும் எபிரேய எழுத்துக்களிலேயே எழுதும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. இதைப் படித்தபோது நம் வாப்பும்மாவின் நினைவு வந்தது. அவர் மாலை வேளைகளில் ஓதிய பைத்துக் கிதாபு அரபு எழுத்தில் இருந்தது; மொழியோ தமிழ். வெளியூரார் அதைப் பார்த்தால் அரபு நூல் என்றே எண்ணுவர். அரபுத்தமிழ் கற்ற நமக்கு, எழுத்து ஒருவருடையதாகவும் மொழி மற்றவருடையதாகவும் இருப்பது விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஸர்ஃபு பாடம் நடத்துவோருக்கு இன்னொரு செய்தி. ஃபெஸ் நகரிலிருந்து குர்துபா வந்த யஹ்யா ஹய்யூஜ் என்பவர், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எபிரேய வினைச்சொற்கள் யாவும் மூன்று மூல எழுத்துக்களால் ஆனவை என்று காட்டினார். மறைந்தும் திரிந்தும் போகும் பலவீன எழுத்துக்களால் அதுவரை அவ்வுண்மை தெளிவாகாமல் இருந்தது. மிஸால், அஜ்வஃப், நாகிஸ் என்று நம் மாணவர்கள் மனனம் செய்யும் அதே முறையைக் கைவிளக்காகக் கொண்டு, தம் வேதமொழியின் கட்டமைப்பை அவர் கண்டறிந்தார். அதை விளக்கியதும் அரபியில்தான்.

கவிதையிலும் அவ்வாறே. துனாஷ் இப்னு லப்ராத் என்பவர் அரபு யாப்பை எபிரேயத்துக்குப் பொருத்தியபோது, அந்நிய அளவுகோலால் புனித மொழியைச் சிதைக்கிறார் என்று குர்துபாவிலேயே எதிர்ப்பு எழுந்தது. எனினும் அந்த யாப்பே நிலைத்தது. உமறுப்புலவர் தமிழ் விருத்தத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடினார். அண்டை வீட்டுப் பாத்திரத்தில் தம் வீட்டு உணவைப் பரிமாறுவோரின் நிலை நமக்கு நன்கு தெரியும்.

இவற்றைச் சொல்லிவிட்டு, அந்தலுஸ் முழுவதும் அன்பும் அமைதியுமாக இருந்தது என்று முடிப்பது எளிது. ஆனால் அது உண்மையன்று. கிரனாடாவில் அமைச்சராயிருந்த கவிஞர் ஸாமுவேல் இப்னு நக்ரீலா 1056இல் மறைந்தார். அவருக்குப் பின் பதவியேற்ற மகன் யூசுஃப், 1066இல் கலகக் கூட்டத்தாற் கொல்லப்பட்டார். அவரோடு அந்நகர யூதர் பலரும் மாண்டனர். 1148இல் முவஹ்ஹிதுகள் குர்துபாவைக் கைப்பற்றிய பின், சிறுவர் மூஸா இப்னு மைமூனின் குடும்பம் ஊரைவிட்டு அலைந்தது. செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லியவர்கள். அதையும் படித்தோம், தாண்டிச் செல்லவில்லை.

அந்த யூத அறிஞர்களும் நம்மோடு எல்லாவற்றிலும் உடன்பட்டவர்கள் அல்லர். யஹூதா ஹலேவி, இழிவுற்ற தம் மார்க்கத்துக்கு ஆதரவாக அரபியில் எழுதிய நூலில், கஸர் நாட்டு மன்னன் முன் முஸ்லிம் அறிஞரும் பேசுகிறார். அவர் வாதம் மன்னனை நிறைவு செய்வதில்லை. நம் மொழியில் நம்மை மறுத்தவர் அவர். வாதமும் ஓர் அண்டை உறவே.

இப்னு மைமூனோ மிஸ்ருக்கு வந்து, ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் காளி அல்-ஃபாளிலின் ஆதரவு பெற்ற மருத்துவரானார். அவருடைய ‘தலாலத்துல் ஹாயிரீன்’, தம்மைவிட்டுத் தொலைவு சென்ற ஒரு மாணவரை முன்னிறுத்தி எழுதப்பட்டது. ஆசிரியத் தொழிலில் இருப்போரை உருக்கும் செய்தி இது. 1204இல் அவர் மறைந்தபின் யூதர்களின் தலைவரான மகன் இப்ராஹீம், பழைய நபிமார்களின் ஒழுகலாறுகள் சிலவற்றை இப்போது காப்பாற்றி வருவோர் சூஃபிகளே என்று வெளிப்படையாக எழுதினார். பிறரிடம் கற்றதைப் பிறர் பெயரோடு சொல்ல அவர் கூசவில்லை.

அந்த இடத்தில்தான் நம் மௌனம் நமக்கே சுட்டது. ஹதீஸ் கலையில், அறிவிப்பாளரை மறைத்துச் செய்தியை அறிவிப்பதைத் தத்லீஸ் என்கிறோம். அது குறை என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். முதலில் செய்தது அறியாமை. அறிந்தபின் வாய்மூடி இருப்பதற்கு என்ன பெயர்?

மறுநாள் வகுப்பில் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். சிறிது நேரம் அமைதி. முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஹஸரத், அப்படியானால் நோட்டில் எழுதியதை அடித்துவிடட்டுமா?”

“எழுதிய பத்தில் எது பிழை, பார்த்துச் சொல்” என்றோம்.

பக்கங்களைப் புரட்டினான். முஹாஸபா என்ற தலைப்பில் சற்று நின்றான். பிறகு, “மேலே எழுதிய முன்னுரைதான் பிழை, ஹஸரத்” என்றான்.

“அதை அடி. அவர் பெயரை எழுது” என்றோம்.

எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினான். நாமும் நண்பரின் குறிப்பேட்டை எடுத்து, வெற்றாயிருந்த இடத்தில் அப்பெயரை எழுதி வைத்தோம்.