குட்டி டிராக்டரும் கொடைக்கானல் வெயிலும்

சேற்றில் உழுகிற வண்டிக்குப் பெயின்ட் எப்படி இருந்தால் என்ன?

மன்னவனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஏழு வருடமாக இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது 15 குதிரைத்திறன் கொண்ட சிவப்பு நிறக் குட்டி டிராக்டர். கொடைக்கானல் மேல்மலையில் பெரிய டிராக்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பூம்பாறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வயலெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கும். பெரிய வண்டி அங்கே திரும்புவதற்கே இடம் போதாது. சில படிக்கட்டுகளில் குட்டி டிராக்டர் கூட ஏறாது, பவர் டில்லர்தான். மன்னவனூர், கவுஞ்சி பக்கம் நிலம் கொஞ்சம் சரிவு குறைவு என்பதால் குட்டி வண்டி ஓடும். பூண்டுக்கும் காரட்டுக்கும் உருளைக்கும் உழுது, மூட்டை இழுத்து, ராத்திரி வீட்டு வாசலில் வானத்துக்குக் கீழே நின்றது அது.

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வண்டியை விற்க வேண்டி வந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கன்சல்டிங்காரர் ஒருவர் வந்தார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவே இல்லை. பானெட்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். கையெல்லாம் வெளுத்த சிவப்பு மாவு. அப்புறம் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுச் சுரண்டினார். தகடு பொலபொலவென்று உதிர்ந்தது.

"வெளியவே இப்படின்னா உள்ள எப்படிண்ணே இருக்கும்?"

அவ்வளவுதான். எதிர்பார்த்த விலையில் முப்பதாயிரம் காலி! இத்தனைக்கும் இன்ஜின் நல்ல இன்ஜின். ஆயில் தவறாமல் மாற்றியவர் அவர்.

வணிகவியல் படிக்கிறவர்கள் தேய்மானம் என்று ஒரு பாடம் படிப்பார்கள். குறைந்துசெல் மதிப்பு முறையில் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3,00,000 ரூபாய் வண்டி ஏழு வருடம் கழித்துப் புத்தகத்தில் 96,173 ரூபாயாக நிற்கும். பைசா சுத்தமாகக் கணக்கு வரும், பரீட்சையில் முழு மார்க்கும் வரும். ஆனால் சந்தையில் அந்தப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. பானெட்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். அது ஒரு வகையில் நியாயமும் கூட. வெளிப் பூச்சைக் கவனிக்காதவன் ஏர் ஃபில்டரையும் கவனித்திருக்க மாட்டான் என்று வாங்குகிறவன் நினைக்கிறான். இந்த விவசாயி விஷயத்தில் அந்த நினைப்பு தப்பு. ஆனால் தப்பு என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

சரி, குளுகுளு மலையில் பெயின்ட் ஏன் இப்படி மாவாகப் போகிறது? குளிராக இருந்தால் வெயில் கம்மி என்று நினைப்பது பெரிய ஏமாற்று. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர்கள் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். சூரியனை ஆராய்வதற்காக 1899-ல் இங்கேதான் வெள்ளைக்காரர்கள் ஆய்வகம் அமைத்தார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்று எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கிருந்துதான். சூரியனைப் பார்க்க அவ்வளவு நல்ல இடம் என்றால், சூரியனும் நம் டிராக்டரை நன்றாகத்தானே பார்க்கும்!

பெயின்ட் என்பது பிசினும் நிறப்பொடியும் கலந்த ஒரு தோல். தொழிற்சாலையில் தகட்டைப் பாஸ்பேட் கரைசலில் கழுவி, பிரைமர் ஏற்றி, அதற்கு மேல்தான் நிறம் கொடுப்பார்கள். எல்லாம் சேர்ந்தே தலைமுடித் தடிமன் அளவுக்குத்தான் வரும். புற ஊதாக் கதிர் முதலில் பிசினை உடைக்கிறது. பிடித்து வைத்திருந்த பிசின் போனதும் நிறப்பொடி தனியாக மேலே நிற்கும். கன்சல்டிங்காரர் கையில் ஒட்டியது அதுதான். சிவப்புக்கு இன்னொரு கஷ்டம், பல சிவப்பு நிறமிகள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும். மஹிந்திராவும் மாஸ்ஸியும் சிவப்பு, குபோட்டா ஆரஞ்சு. இந்த நிறங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் நிழலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பகலில் வெயில் என்றால் மதியத்துக்கு மேல் மூடுபனி. ராத்திரி தகடு குளிர்ந்து அதன் மேல் ஈரம் முத்து முத்தாகப் படியும். மார்கழி, தையில் சில நாள் உறைபனியே விழும். விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்தால் விரிந்து, பெயின்ட்டை உள்ளிருந்தே தூக்கிவிடும். தார்ப்பாய் போட்டு மூடினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி மருந்துதான். இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும். காற்றில் அடித்து அடித்துப் பெயின்ட்டையும் தேய்க்கும். நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டு, பக்கத்தைத் திறந்து விட்ட கொட்டகை எவ்வளவோ மேல்.

வெயிலும் பனியும் கூட மெதுவாகத்தான் தின்னும். வேகமாகத் தின்பது மருந்தும் உரமும்! போர்டோ கலவை தெரியாத மலை விவசாயி இருக்க மாட்டார். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கு, மேலே உருளைக்கு. இதை இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கலவை சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்குவார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். கரைசலில் இருக்கும் செம்பு இரும்பின் மேல் படிகிறது, அந்த அளவுக்கு இரும்பு கரைந்து போகிறது. செம்பு ஒட்டிய இடத்தைச் சுற்றி, ஈரம் பட்டால் துரு இன்னும் வேகமாக ஓடும்.

கத்திக்கு இவ்வளவு ஜாக்கிரதை. ஆனால் அதே கலவை டிரம் டிராக்டரின் மேல் தளும்பிக்கொண்டே போகும், பெயின்ட் உதிர்ந்த மட்கார்டில் வழியும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சரியாகச் சுண்ணாம்பு சேர்த்த கலவை அவ்வளவு கெடுக்காது. மயில்துத்தம் மட்டும் கரைத்த தண்ணீர் சிந்தினால்தான் ஆபத்து. பொட்டாஷ் உரத்தில் இருக்கும் குளோரைடும் அப்படியே. இந்த விவசாயியின் வண்டியில் ஓட்டை விழுந்த மட்கார்டு, ஏழு வருடமும் உர மூட்டையைச் சாய்த்து வைத்த பக்கம்தான். மறுபக்கம் வெறும் வெளுப்பு!

கழுவுகிற லட்சணம் இன்னொரு கதை. சேற்றைக் கழுவிவிட்டு டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் பளபளவென்று இருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மலையெங்கும் இந்த வாசனைதான். பளபளப்பு ரெண்டு நாள். அப்புறம் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும், ரப்பர் ஊறிக் கெடும். துணி துவைக்கிற பவுடரும் வேண்டாம், காரம் அதிகம். மிதமான ஷாம்பூ தண்ணீர், நிறைய நல்ல தண்ணீர், மூலை முடுக்கில் தங்கிய செம்மண்ணை விரலால் நோண்டி எடுப்பது, காய்ந்த பிறகு வருஷத்துக்கு ரெண்டு தடவை மெழுகு. போதும். பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அடுத்த பூஜை வரை விட்டு வைக்காமல் துடைத்துவிட்டால் சாமி ஒன்றும் கோபிக்காது.

விவசாயி அந்த முறை வண்டியை விற்கவில்லை. ஃபீஸுக்குக் கைமாத்து வாங்கினார். வத்தலகுண்டில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் மச்சினனைக் கூப்பிட்டார்.

"முழுசா அடிச்சிரலாமா மாப்ளே?"

"வேண்டாம் மாமா. புதுப் பெயின்ட்டப் பாத்தா எத மறைக்கிறாங்கன்னு கேப்பான்."

சரியான பேச்சு. மட்கார்டில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். துருவை எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அந்தந்த இடத்தில் மட்டும் நிறம் கொடுத்தார்கள். பானெட்டைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் மாவுக்கு அடியில் இருந்த பழைய சிவப்பு பாதிக்கு மேல் திரும்பி வந்தது. காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒன்று வரைதான் பெயின்ட் வேலை. முதல் நாள் மூன்று மணிக்கு அடித்த இடம், மூடுபனி ஏறி, பால் ஊற்றியது போல வெளுத்துப்போனது. மறுநாள் அதைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாகிவிட்டது. கீழே வத்தலகுண்டில் மச்சினனுக்கு இந்தத் தொல்லையே கிடையாதாம்.

மாசி மாதம் அதே கன்சல்டிங்காரர் வந்தார். பானெட்டைத் தடவினார், கையைப் பார்த்தார், மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றார்.

போன தடவை குறைத்த முப்பதாயிரத்தில் இருபதாயிரம் திரும்பி வந்தது. மிச்சத்துக்குச் சீட் கிழிந்திருப்பதையும் பின் டயர் தேய்ந்திருப்பதையும் காட்டினார்.